கையுறை போட்ட கைக்குக் கேட்காத திரை

கோத்தன்பர்க், சுவீடன்
டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். காலை எட்டரை தாண்டித்தான் விடிகிறது, மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. போன வாரம் பேசியபோது, புதுப் போன் தன் விரலுக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது என்று அம்மா வருத்தப்பட்டது மனதிலேயே நிற்கிறது. எனக்கும் இங்கே அதேதான் நடந்தது, காரில்.

வேலைக்காகக் கொடுத்திருக்கும் கார் புதுசு. நடுவில் பெரிய திரை, பொத்தான் என்று அநேகமாக எதுவுமே இல்லை. போன செவ்வாய்க்கிழமை முன்னால் போன லாரி சேற்றுப் பனியை என் கண்ணாடி முழுக்க வாரி அடித்தது. வைப்பர் வேகத்தைக் கூட்டத் திரையைத் தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கையில் கம்பளிக் கையுறை. பல்லால் கடித்து அதைக் கழற்றி, திரையில் வைப்பர் படம் எங்கே என்று தேடுவதற்குள் வண்டி ஓரக்கோட்டில் ஏறித் தடதடவென்று அதிர்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் மதுரை பஸ் ஓட்டும்போது இன்ஜின் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே. மழை வந்தால் கண் ரோட்டைவிட்டு நகராது, கை தானாகப் போய் வைப்பர் சுவிட்சைத் தட்டும். கைக்கு அந்த இடம் தெரியும். வழவழப்பான கண்ணாடியில் கை எதைத் தடவிக் கண்டுபிடிக்கும்?

கையுறைக்கு ஏன் கேட்பதில்லை என்று படித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்படலம் இருக்கிறது. விரல் பட்டால் அங்கே மின்சாரம் துளி மாறும், அதை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. கம்பளி நடுவில் வந்தால் அந்த மாற்றம் போய்ச் சேராது. உழைத்துக் காய்ப்பேறிய, உலர்ந்த விரலுக்கும் அதே கதை. அம்மாவின் மேல் தப்பே இல்லை, சொல்லிவிடுங்கள்.

2022-இல் இங்குள்ள ‘வி பிலெகாரே’ என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஹீட்டர், ரேடியோ மாதிரி நாலு வேலை செய்ய வேண்டும். பொத்தான் வைத்த 2005 மாடல் வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது, அதற்குள் 306 மீட்டர் ஓடியிருந்தது. திரை வைத்த புதுக் கார்களில் மிக மோசமானதற்கு 44.6 விநாடி, 1,372 மீட்டர்! ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், அப்பா.

ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பரைத் திரையில் மாற்றப்போய் ரோட்டைவிட்டு இறங்கி மோதிவிட்டார். 2020-இல் கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றம் அவருக்கு 200 யூரோ அபராதமும், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் சரிதான் என்றது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த இடத்தில் நான் இருந்திருக்கலாம்.

தொடவே வேண்டாம் என்றும் ஒரு வழி வந்தது. 2015-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரீஸில், கூரையில் உள்ள கேமரா கையைப் பார்க்கும். விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினால் பாட்டுச் சத்தம் கூடும். அழகான யோசனைதான். ஆனால் பிடித்துத் திருகும்போது விரலுக்குக் கிடைக்கிற பதில் காற்றில் கிடைக்காதே.

நல்ல வேளை, மறுபடி பொத்தான் பக்கமே காற்று திரும்புகிறது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

எனக்கென்று ஒரு பழைய வால்வோ பார்த்து வைத்திருக்கிறேன். ஹீட்டர் திருகு பெரிசு, கையுறையோடு திருகிப் பார்த்தேன், சுகமாக இருந்தது. விலை பேசிவிட்டு எழுதுகிறேன்.

அப்புறம், அம்மா போனில் செட்டிங்ஸ் போய், டிஸ்ப்ளேயில் ‘டச் சென்சிட்டிவிட்டி’ என்று இருந்தால் ஆன் பண்ணிக் கொடுங்கள். விரலைக் கொஞ்சம் ஈரமாக்கித் துடைத்துவிட்டுத் தொட்டால் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது நீங்கள் எடுக்க வேண்டாம், அம்மாவே எடுக்கட்டும்.

அன்பு மகன்