அந்த ஏ.சி.யை இன்றிரவே வாங்கிவிடாதே

நீடாமங்கலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஆன்லைன் கடைப் பக்கத்தின் படம் வந்து சேர்ந்தது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி., 33,990 ரூபாய், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இன்னும் நான்கு மணி நேரம்தான் என்று ஒரு மிரட்டல். அப்பாயிக்கு வெயில் தாங்கவில்லை என்று அம்மா சொன்ன அன்றே சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தேட ஆரம்பித்துவிட்டாய். மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பணத்தைக் கட்டிவிடாதே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய்; அதனால்தான் எழுதுகிறேன்.

33,990 என்பது பெட்டி நம் வாசலுக்கு வந்து சேர்வதற்கான தொகை. மாட்டுவதற்குக் கூலி தனி. பெட்டியோடு வரும் தாமிரக் குழாய் மூன்று மீட்டர் அளவில்தான் இருக்கும். அப்பாயி படுக்கும் அறைக்கு வெளியே இருப்பது தாழ்வாரம். அங்கே வெளி யூனிட்டை வைத்தால் சூடான காற்று போக வழியில்லை. மொட்டை மாடிக்குத்தான் ஏற்ற வேண்டும். கூடுதல் குழாய்க்கு மீட்டர் கணக்கில் காசு, ஸ்டாண்டுக்குக் காசு, சுவரைத் துளைக்கக் காசு. நகர எல்லைக்கு வெளியே என்றால் ஆள் வந்து போகும் செலவும் நம் தலையில்தான். மீட்டர் பெட்டியில் இருந்து தனி லைன், கோளாறு வந்தால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச், எர்த் எல்லாம் நான் போட்டுவிடுவேன், எனக்குக் கூலி வேண்டாம். ஒயர் விலை மட்டும்.

அந்தப் பக்கத்தில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று போட்டிருக்கிறதே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நெல்லுக்கு நாற்று விட ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாப் பம்ப்செட்டும் ஒன்றாக ஓடும் நேரத்தில் நம் தெரு லைனில் மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்குவதை என் மீட்டரில் பார்த்திருக்கிறேன். உள்ளே சுற்றிய கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிய மோட்டார்கள் என் ரிப்பேர் கடை வாசலில் வரிசை கட்டுவதும் அந்த மாதங்களில்தான். உன் படிப்புக்குப் பணம் வந்தது அந்த வழியில் என்பதால் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி. தாழ்ந்த மின்னழுத்தத்திலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஒரு தூக்கு தூக்குமே, அதில் போவது கம்ப்ரஸர் இல்லை, உள்ளே இருக்கும் பி.சி.பி. என்ற எலக்ட்ரானிக் போர்டு. உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தில், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இருக்கும். தேவையில்லை என்று சொல்பவர்களும் அவர்கள்தான், பொறுப்பில்லை என்பவர்களும் அவர்கள்தான். நம் ஊருக்கு ஸ்டெபிலைசர் வேண்டும். இன்னொரு மூவாயிரம், நாலாயிரம் என்று வைத்துக்கொள்.

"10 வருட உத்தரவாதம்" என்று பெரிதாகப் போட்டிருப்பது கம்ப்ரஸருக்கு மட்டும். முழு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். பத்து வருடக் கணக்கிலும் கேஸ் நிரப்பும் செலவு, ஆள் வரும் கட்டணம், கழற்றி மாட்டும் கூலி ஆகியவை அடங்குமா என்று படித்துப் பார்க்காமல் நம்பாதே. எலி, பல்லி, எறும்பு புகுந்து கெட்டால் உத்தரவாதம் இல்லை என்றும் ஒரு வரி இருக்கும். கொல்லையில் வைக்கோல் போர் இருக்கிற வீட்டில் எலி புகாமல் இருக்குமா? காயில் போனால் நான் கட்டிக்கொடுத்துவிடுவேன். போர்டு போனால் கம்பெனி சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமானது திருப்பிக் கொடுக்கும் கெடு. "ஏழு நாளில் மாற்றித் தரப்படும்" என்பார்கள். மாற்றித் தருவது வேறு, பணம் திருப்பித் தருவது வேறு, அதைப் பார்த்துக்கொள். அந்த ஏழு நாளும் பெட்டி வந்த நாளில் இருந்து ஓடும், மாட்டிய நாளில் இருந்து இல்லை. மேலத் தெருவில் ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. மாட்டும் ஆள் தஞ்சாவூரில் இருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. அன்றைக்குத்தான் டிரம் ஆடுவது தெரிந்தது. கெடு முடிந்துவிட்டது, இனி ரிப்பேர்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆள் வருவதற்கு முன் நாமே மாட்டலாமா என்றால், வெளியாள் கை வைத்தால் உத்தரவாதம் ரத்து!

இன்னொரு சங்கடம், ஓ.டி.பி. உன் எண்ணுக்கு வரும். இங்கே டெலிவரிப் பையன் பதினொரு மணிக்கு வாசலில் நிற்பான், அங்கே ஒன்றரை மணி. நீ ஆஸ்பத்திரி வார்டில் வேலையில் இருப்பாய், போன் லாக்கரில் இருக்கும். அவன் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அல்லது நீ அவசரத்தில் எண்ணைச் சொல்லிவிடுவாய், பெட்டி நசுங்கியிருந்ததை நாங்கள் அப்புறம்தான் பார்ப்போம்.

வட்டியில்லாத் தவணை என்பதைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கி வாங்கும் வட்டியை முன்னால் தள்ளுபடி என்று காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., பரிசீலனைக் கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. என்று பின்னால் வரும். வாங்குவதென்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டு.

கட்டுவதற்கு முந்தைய பக்கத்தையும் ஒரு தடவை நிதானமாகப் பார். நீ கேட்காத கூடுதல் உத்தரவாதம், பத்திரமான பேக்கிங்குக்குக் கட்டணம் என்று ஏதாவது முன்கூட்டியே டிக் அடித்திருந்தால் எடுத்துவிடு. அப்படி டிக் அடித்து வைக்கக் கூடாது, மொத்த விலையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020-லேயே விதி போட்டார்கள். கூடையில் ஓசைப்படாமல் பொருள் சேர்ப்பது, விலையைக் கடைசியில் ஏற்றுவது, பொய்யாக அவசரப்படுத்துவது என 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு 2023 நவம்பரில் மத்திய அரசு தடையும் செய்தது. உன் நான்கு மணி நேரச் சிவப்பு எழுத்து மறுநாளும் அப்படியே இருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். வழக்கென்றால் திருவாரூர் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஏ.சி. வாங்குவது அப்பாயி தூங்கத்தானே, நான் திருவாரூருக்கு அலையவா?

கரண்ட் பில்லையும் கணக்கில் சேர். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள்தான் வருகிறது. ஒரு யூனிட் தாண்டினாலும் கணக்குப் போடும் முறையே மாறி, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். கோடை முழுவதும் ஏ.சி. ஓடினால் தாண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்; தெரிந்து வைத்துக்கொள், அவ்வளவுதான்.

ஆன்லைனே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். கடைக்குப் பேரிங், கப்பாசிட்டர் எல்லாம் அதில்தான் வரவழைக்கிறேன். கடைக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்றும் இல்லை. ஆனால் மன்னார்குடிக் கடையில் பேரம் பேசி ஸ்டாண்டையும் ஸ்டெபிலைசரையும் விலைக்குள் இழுக்க முடியும். கெட்டுப்போனால் போய் நின்று சத்தம் போட ஒரு வாசல் இருக்கிறது.

மாடல் எண்ணையும், உத்தரவாதத்தில் அடங்காதவை என்ற பகுதியையும் படமெடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போய், மாட்டி முடிக்கும் வரை மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கி வருகிறேன். ஆன்லைன் மொத்தத்துக்கும் கடை மொத்தத்துக்கும் வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் இருந்தால் இங்கேயே வாங்கிவிடுவோம். அதற்கு மேல் என்றால் நீயே ஆன்லைனில் ஆர்டர் போடு. என் போன் எண்ணைக் கொடு, மாட்டும் ஆள் வரும் தேதியை முதலிலேயே உறுதி செய்துகொள்.

அப்பாயியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே வேண்டாம் என்று ஆரம்பித்துவிடுவார். மாட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அப்பா