உன் மலையிலும் என் மலையிலும் ஒரே மரம்

குன்னூர்
மார்ச் 2

அன்புள்ள செல்வம்,

நைனிதாலில் பூத்த மரத்தின் படம் கிடைத்தது. பார்த்த உடனே கமலா, "இது நம்ம காட்டுப் பூவரசுல்ல?" என்றாள். நீ புரான்ஷ் என்று எழுதியிருந்தாய். இரண்டும் ஒன்றுதான். அறிவியல் பெயர் ரோடோடென்ட்ரான் அர்போரியம். எங்களுடையது அதில் ஒரு துணையினம்.

அவளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது தூரத்துப் பூவைக்கூட என்னைவிட முந்திப் பார்த்துச் சொல்கிறாள்.

படம் வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இமயத்தில் இருக்கிற உன் ஊருக்கும் எங்கள் நீலகிரி மலைக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அத்தனை தூரத்திலும் இந்த மரம் தானாக முளைத்து எங்கும் நிற்கவில்லை. எங்களைத் தாண்டிப் பழனி மலையில் இருக்கிறது, கடல் கடந்து இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் அதன் உறவு இருக்கிறது. குளிர்ந்த மலை உச்சிகள் அதற்குத் தீவுகள், நடுவில் உள்ள வெக்கையான சமவெளிதான் அதற்குக் கடல்.

எப்படி வந்து சேர்ந்தது? பனியுகத்தைக் காட்டித்தான் பலரும் விளக்கம் சொல்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகமே குளிர்ந்து கிடந்தபோது, இன்று உச்சியில் மட்டும் வாழ்கிற செடிகள் தாழ்ந்த குன்றுகளிலும் பிழைக்க முடிந்திருக்கும். குன்றுக்குக் குன்று தெற்கே வந்திருக்கலாம். கடல் மட்டமும் அப்போது 120 மீட்டர் போலக் கீழே இருந்ததால் இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு வெப்பம் ஏறியது. கீழே இருந்தவை அழிந்தன, மேலே ஏறியவை தங்கிவிட்டன. இதில் இன்னும் விவாதம் உண்டு. எனக்கு இந்த விளக்கம்தான் மனதில் ஒட்டுகிறது.

போன வாரம் தொட்டபெட்டா பக்கம் போயிருந்தேன். மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக் காட்டு மரங்களின் கன்றுகள் புல்வெளியில் உறைபனி பட்டுக் கருகிவிடும், அதனால் அவை பள்ளத்தை விட்டு வெளியே வருவதில்லை. காட்டுப் பூவரசு மட்டும் தடித்த பட்டையோடு புல் நடுவே தனியாக நிற்கிறது. பனியையும் தீயையும் தாங்கும். அதைச் சுற்றி இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம் நெருக்கிக்கொண்டு வருகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, செல்வம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்று நாம் படித்தோமே. உன் மரத்துக்கு வெக்கை கூடினால் மேலே ஏற இமயம் இருக்கிறது. என் மரம் நிற்கும் மலை 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது.

ஒரு உதவி செய். அடுத்த முறை அந்த மரத்தடிக்குப் போகும்போது ஓர் இலையைத் திருப்பிப் பார். இங்கே அடிப்புறம் துருப்பிடித்தது மாதிரிப் பழுப்பாக இருக்கிறது. அங்கே வெள்ளி போல் இருக்குமென்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எழுது, முடிந்தால் ஓர் இலையைக் காயவைத்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

அன்புடன்,
ராஜு