சான்றிதழ் இருக்கிறது, காசுக் கணக்கு எங்கே?

மதிப்பார்ந்த ஆசிரியர் அவர்களுக்கு,

நிறுவன நிதி ஆய்வாளர் பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. படிப்பவர்களில் குறை சொல்ல முடியாது. யாழ். பல்கலைக்கழக முகாமைத்துவ மாணவர்களும் பட்டயக் கணக்கியல் படிப்பவர்களும் விகிதங்களை நித்திரையிலும் சொல்வார்கள். ஆனால் வெற்று எக்ஸெல் தாளைக் கொடுத்து, ஒரு ஆலையின் அடுத்த மூன்று மாதக் காசு நிலையைப் போடச் சொன்னால் கை ஓடுவதில்லை. உள்ளகப் பயிற்சிக்குப் போன இடத்தில் வவுச்சர் அடுக்கினால் எப்படி ஓடும்?

தொடங்குவதற்குச் செலவே இல்லை. கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசம். ஒரு கம்பனியின் ஐந்து வருடக் கணக்கைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் தாளை இறக்கி வைத்தால் கணக்குக்குக் கீழே உள்ள விளக்கக் குறிப்புகளை எவரும் வாசிப்பதில்லை. குத்தகை பற்றிய நிதி அறிக்கையிடல் நியமம் 16 நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1 இல். அதன் பின் வாடகைச் செலவின் பெரும்பகுதி பெறுமானத்தேய்வாகவும் (சொத்தின் தேய்மானச் செலவு) வட்டியாகவும் மாறியது. அது தெரியாமல் 2018/19 ஐயும் 2019/20 ஐயும் ஒப்பிடுபவர், வட்டிக்கும் தேய்வுக்கும் முந்திய இலாபம் கூடியதைப் பார்த்து வியாபாரம் திடீரென்று செழித்ததாக எழுதிவிடுவார்.

அடுத்து இலாப நட்டம், நிதிநிலைமை, காசுப் பாய்ச்சல் என்ற மூன்று கூற்றுகளையும் இணைப்பது. நிதிநிலைமைக் கூற்றின் இரு பக்கமும் முதல் நாளே பொருந்தாது. பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். வித்தியாசம் 64 இலட்சம் என்றால் பாதியான 32 இலட்சத்தைத் தேடுங்கள். 32 இலட்சம் பெறுமானத்தேய்வைக் காசுப் பாய்ச்சலில் கூட்டாமல் கழித்திருப்பார்கள். 9 ஆல் மீதியின்றிப் பிரிந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 8,200 ஐ 2,800 என்று அடித்தால் வித்தியாசம் 5,400. பொருந்தாத தொகையை ‘ஏனையவை’ என்ற வரிக்குள் ஒளிப்பவருக்குப் புள்ளி போடவே கூடாது.

விகிதத்திலும் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுப்போம். விற்பனைக் கிரயம் 180 மில்லியன், மார்ச் 31 இல் தொக்கு (கையிருப்புச் சரக்கு) 90 மில்லியன் என்று வையுங்கள். புத்தகச் சூத்திரப்படி 183 நாள் தொக்கு. முகாமை சரியில்லை என்று அறிக்கை போகும். உண்மையில் அது காலபோக அறுவடை முடிந்து நெல் வாங்கிக் குவித்த நேரம். மாதாந்தச் சராசரி 40 மில்லியன் என்றால் 81 நாள்தான். இங்கே ஆண்டுக் கணக்கு முடியும் நாளும் களஞ்சியம் நிரம்பும் நாளும் கிட்டத்தட்ட ஒன்று.

என் பார்வையில் பயிற்சியின் பாதி நேரம் 13 வாரக் காசு முன்மதிப்பீட்டுக்கே போக வேண்டும். வாரத்துக்கு ஒரு நிரல். இலாபத்தை வாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போடுவது பிழை. கடன் தவணை 30 நாள் என்று விலைப்பட்டியலில் இருக்கும். கைக்கு வருவதோ 60 நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை. காசோலையின் திகதி விழும் வாரத்தில்தான் வரவு எழுத வேண்டும், திரும்பி வரும் காசோலைக்கும் கொஞ்சம் கழித்து. பெறுமதி சேர் வரி அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்குள் போகும். சம்பளத்தில் இரட்டைக் கணக்கு அடிக்கடி நடக்கும். மொத்தச் சம்பளம் 20 இலட்சம், வேறு கழிவில்லை என்றால் ஊழியர் கையில் போவது 18 இலட்சத்து 40 ஆயிரம். அடுத்த மாதம் சேமலாப நிதிக்கு 4 இலட்சம் (ஊழியரிடம் பிடித்த 8 சதவீதமும் இதற்குள்), நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 60 ஆயிரம். பலர் 20 இலட்சத்தை முழுதாகக் கழித்துவிட்டு, இந்த 4 இலட்சத்து 60 ஆயிரத்தை மறுபடி கழிக்கிறார்கள். ஊழியரின் 8 சதவீதம் இரண்டு தடவை போய்விடும். ஒவ்வொரு வெள்ளியும் மதிப்பீட்டையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்து, ஏன் விலகியது என்று ஒரு வரி எழுதினால் ஆறாவது வாரத்திலேயே கண் திறக்கும்.

வட்டி வீதத்தை நிலையானதாக எடுக்கும் பழக்கமும் போக வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 50 மில்லியன் மேலதிகப் பற்றுள்ள நிறுவனத்துக்கு அந்த உயர்வு முழுதாக வந்து சேர்ந்தால் வருடத்துக்கு 3.5 மில்லியன் கூடுதல் வட்டி. நிறுவனத்தின் பெறுமதி மதிப்பீடும் அப்படித்தான்: இறுதி வளர்ச்சி (மதிப்பிட்ட வருடங்களுக்குப் பின் தொடரும் வளர்ச்சி) 8 சதவீதம், கழிவு வீதம் (வருங்காலக் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதம்) 12 என்றால் அந்த வருடங்களுக்குப் பிந்திய பெறுமதி கடைசி வருடக் காசுப் பாய்ச்சலின் 27 மடங்கு, கழிவு வீதம் 14 ஆனால் 18 மடங்கு. அமெரிக்கப் பாடநூலின் 10 சதவீதக் கழிவு வீதத்தை ரூபாய்க் கணக்கில் ஒட்டுபவரிடம் இந்த இரண்டு வரியையும் செய்துகாட்டச் சொல்லலாம்.

கடைசிச் சோதனை தமிழில், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். முதலாளி கழிவு வீதம் கேட்கமாட்டார், “சித்திரை வருசத்துக்கு போனஸ் குடுக்கக் காசு இருக்குமோ?” என்றுதான் கேட்பார். கட்டணம் கட்டுமுன் பெற்றோரும் ஒன்று கேட்கலாம்: வகுப்பு முடியும் நாளில் பிள்ளை தானே செய்த எந்தக் கோப்பைக் கொண்டுவரும்?

நிதித்துறை வாசகர்,
கொக்குவில்.