ஓரம் வெட்டிய திரைச்சீலை

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து ஒரு மாசமாகிறது. ஹட்டனில் விடாத மழை, துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. பதில் போடாததற்கு இப்போதைக்கு அதுதான் என் சாக்கு.

அம்மாவின் பெட்டியில் ஒரு திரைச்சீலைத் துண்டு கிடந்தது. அம்மா பங்களாவில் சமையலுக்கு நின்றபோது துரைசானி கொடுத்ததாம். மெல்லிய தண்டுகள், அவற்றின் தலையில் குடைக்காளான் போல வளைவுகள். நம் கடைத்தெருச் சீத்தையில் வருகிற பூ இல்லையடி இது. அன்றிலிருந்து எனக்குத் துணிப் பைத்தியம் பிடித்துவிட்டது.

முதலில் தேடிப் போனது ஆங்கிலேயத் துணி வடிவமைப்பாளர் லூசியன் டேயின் ‘கேலிக்ஸ்’ என்ற திரைச்சீலைக் கோலம். 1951இல் லண்டனில் நடந்த பிரித்தானிய விழாவுக்காக வரைந்தது. அதை அச்சிட்ட ஹீல்ஸ் கடைக்காரர்கள் இது விற்காது என்று பாதிக் கூலிதான் கொடுத்தார்களாம், அதே வருசம் மிலான் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம்! பிற்பாடு அவர்கள் துணியின் ஓரத்திலேயே வரைந்தவர் பெயரையும் அச்சடித்தார்கள். அதைப் படித்ததும் ஓடிப்போய் நம் துண்டைப் புரட்டினேன். ஓரமே இல்லை. “எழுத்து இருந்துச்சு, அசிங்கமா இருக்குன்னு வெட்டி தலையணைக்கு நாடா வச்சேன்” என்கிறார் அம்மா. இனி யார் வரைந்தது என்று எங்கே போய்க் கேட்பது?

ஓவியர்களும் துணிக்கு வரைந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ராவுல் டுஃபி 1912 முதல் 1928 வரை லியோன் பட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வரைந்து தள்ளியிருக்கிறார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1946இல் பாரிஸ் வீட்டுச் சுவரில் காகிதத்தை வெட்டி ஒட்ட, ஆஷர் என்பவர் அதை லினனில் அச்சிட்டார், முப்பதே பிரதி. அது சுவரில் மாட்ட மட்டும்தான். எனக்கு அதைவிட 1955இல் அமெரிக்காவின் ஃபுல்லர் கம்பெனி செய்ததுதான் பிடிக்கிறது. பிக்காசோ, மிரோ, ஷகால் கோலங்களைப் பருத்தியில் அச்சடித்து கஜக்கணக்கில் விற்றார்கள், வாங்கியவள் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீ மாத்தளையில் இருந்துகொண்டு அலுவிகாரையில் எனா டி சில்வாவின் பத்திக் பட்டறையைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாய், வெட்கமாக இல்லையா? பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்து உட்கூரைக்கு பத்திக் செய்து கொடுத்தவர் அவர். பத்திக் அச்சு இல்லை, துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்ப்பது, தெரியும். ஆனால் கோலம் வரைந்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது, மெழுகு பூசிய கிராமத்துப் பெண்களின் பெயர்? அதைத்தான் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த போயா பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் வருகிறேன். அம்மாவின் தலையணை நாடாவைப் பிரித்துக் கொண்டுவருவேன், பாதி எழுத்து தெரிகிறது, உன் பேத்தியின் பூதக்கண்ணாடியை எடுத்து வை.

உன்,
செல்வி