ஹோட்டன் சமவெளி: வான் இல்லை, நடைதான்

மலைநாட்டு ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போக வான் வண்டி பிடிக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, இந்தமுறை இல்லை. திருகோணமலையிலிருந்து கண்டிக்கு பஸ், பிறகு ஓஹியவுக்கு ரயில் (ஓடுகிறதா என்று முதலே விசாரிப்போம்), இரவு அங்கே தங்கி, விடிந்ததும் சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம், மேலே சுற்றுப்பாதை இன்னுமொரு 9 கிலோமீற்றருக்கு மேல், அப்புறம் இறங்கவும் வேண்டும். ஏலாதவர்கள் இப்போதே சொல்லுங்கள். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போவதற்குள் பனி மூடிவிடலாம், அதற்காக ஜீப் கேட்கக்கூடாது, சரியா?

சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய பொலித்தீன் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மரை (பெரிய மான்) கிட்ட வந்து நிற்கும், பிஸ்கட் நீட்டாதீர்கள், பழகிப்போய் பையோடு சேர்த்துத் தின்கிறது. பாதையை விட்டுப் புல்லில் இறங்கி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலை நினைத்துக்கொண்டு வராமல் தடித்த ஜக்கெட் ஒன்று கொண்டுவாருங்கள்.