கேபிள் எரிக்கும் கொட்டகையை மூடக் கோரி மூன்றாவது மனு

மாநிலச் சுற்றுச்சூழல் அதிகாரி அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று என ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டோம். எழுத்தில் இன்றுவரை பதில் இல்லை. ஜூன் மனுவுக்குப் பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் காலை பதினொரு மணிக்குக் காரில் வந்தார்கள், பூட்டிய கேட்டைப் படமெடுத்தார்கள், போய்விட்டார்கள். எனவே மீண்டும் பணிவுடன்:

1. இடம் தாங்கள் அறிந்ததுதான். மாரியம்மன் கோயிலைத் தாண்டி, செம்பனை ஆலைக்குப் போகும் செம்மண் சாலையில், அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்ட கொட்டகை. எங்கள் தாத்தாமார் அங்கே வேலை செய்தவர்கள். அது விறகுப் புகை.

2. பகலில் லோரியில் பழைய கம்ப்யூட்டர், கேபிள் சுருள், பேட்டரி வந்து இறங்குகின்றன. இரவு 11 மணிக்கு மேல் செம்பு எடுக்கக் கேபிளைக் குவித்து எரிக்கிறார்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு கழிவு விதிமுறையில் மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனிக் குறியீடே இருக்கிறது. உரிமம் பெற்ற இடத்தில்தான் அதைக் கையாள வேண்டும்.

3. எங்களால் தாங்கவே முடியாதது புகைதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைப் பார்த்திருப்பீர்கள். பலகைச் சுவர் கூரை வரை போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரச் சாரத்தைச் சுருட்டி வைத்தாலும் புகை அந்த வழியாக இறங்கிவிடும். நடுராத்திரியில் முதலில் மாமியார் இருமுவார், அப்புறம் பிள்ளை, அப்புறம் அடுத்த வீடு. இருமலை வைத்தே புகை எது வரை போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். என் இளையவனுக்கு ஐந்து வயது; இந்த வருஷம் நான்கு தடவை கிளினிக்கில் நெபுலைசர் வைத்தாயிற்று. கொடியில் கிடக்கும் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் காலையில் கரும்புள்ளி. தட்டினால் போகாது, விரலால் துடைத்தால் மை மாதிரி இழுவும். சட்டையில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சில் படிவது? அது கேபிளின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரியும் புகை, ஐயா. உறையில் குளோரின் இருக்கிறது. செம்போடு சேர்ந்து எரியும்போது டையாக்சின் உண்டாகிறது. புற்றுநோய் தரும் நஞ்சு, உடம்புக் கொழுப்பில் பல வருஷம் தங்கும். இதை உங்களுக்கே நாங்கள் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

4. மழை பெய்தால் சாம்பல் கால்வாயில் இறங்குகிறது. கேபிள் உறையில் ஈயம் உண்டு, பேட்டரியிலும் உண்டு. அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் எங்கள் கோழி மேய்கிறது. முட்டையைப் பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா?

5. பகலில் எதுவும் எரியவில்லையே என்கிறார்கள் உங்கள் அலுவலகத்தில். திருடன் பகலிலா வருவான்? 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை நிறுத்திய பிறகு அது நம் நாட்டுக்குத் திரும்பி, சிலாங்கூரில் ஜெஞ்ஜாரோம் ஊர் பட்ட பாட்டை நாடே பார்த்தது. ஊர்மக்கள் விடாமல் புகார் கொடுத்த பிறகுதானே அங்கே தொழிற்சாலைகளுக்குப் பூட்டு விழுந்தது? அபராதத்தை 10 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) வரை உயர்த்தி 2024இல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, அந்தச் சட்டம் எங்கள் செம்மண் சாலைக்குள் எப்போது வரும்?

6. மூன்றாவது அம்சத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

எரிப்பதை உடனே நிறுத்துங்கள். சாம்பலையும் கால்வாய் மண்ணையும் சோதியுங்கள். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எரிப்பதையாவது முதலில் நிறுத்துங்கள், ஐயா.

வரும் வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கோயில் வாசலில் காத்திருக்கிறோம். கேட் வரைக்கும் நாங்களே கூட்டிப் போகிறோம்.

இப்படிக்கு,
லயத்து 42 குடும்பங்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)