பாதியில் அறுந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் என்எஃப்எஸ் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கர்னலில், நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிர உதவும் என்எஃப்எஸ்ஸின் கிளையன்டையும் சர்வரையும் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். என் அன்றாட வேலை உங்கள் உழைப்பின் மேல்தான் நடக்கிறது. அந்த நன்றியோடு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். எழுதும்போதே நெட்வொர்க் அறுந்தால், சர்வர் நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனைகளை, கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் சேருங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருநாள் பேக்கப் கோப்பு ஒன்று திறக்க மறுத்தது. அளவு சரியாக இருந்தது. பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தால், நடுவில் வெறும் சுழியங்கள். ஒரே மாதிரியான வரிகளைச் சுருக்கிக் காட்டும் அந்த ஒற்றை நட்சத்திரக் குறி. சுழியங்களின் நீளத்தைக் கணக்கிட்டேன்: மிகச் சரியாக 10,48,576 பைட். எங்கள் கிளையன்ட் ஒரு தடவையில் சர்வருக்கு எழுத அனுப்பும் தரவின் உச்ச அளவு அது. முன்னும் பின்னும் எல்லாம் பத்திரமாக இருக்க, எழுதச் சொல்லும் ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வழியில் தொலைந்திருந்தது.

அது 'சாஃப்ட்' வகை மவுன்ட்; அதாவது, சர்வர் பதில் தராவிட்டால் ஒரு கெடுவுக்குப் பின் முயற்சியைக் கைவிடும் இணைப்பு. நெட்வொர்க் சில நிமிடம் தடுமாறியபோது, கெடு தாண்டிய அந்தக் கோரிக்கையை கிளையன்ட் கைவிட்டிருக்கிறது. கோப்பை மூடும்போது கர்னல் பிழையைச் சொல்லியும் இருக்கிறது. பேக்கப் நிரல்தான் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு நான்கு நாள் ஆனது. இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை அமைத்து, என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049ஆம் போர்ட்டின் பேக்கட்களை நடுவில் தடுத்து, பேக்கட்களைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, குற்றம் கர்னலுடையது அல்ல என்று நானே உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. 'இதோ, இந்தச் சோதனை தேறியிருக்கிறது' என்று சுட்டிக்காட்ட ஒன்று கிடைத்திருந்தால் முதல் நாளே நிரலைத் திறந்து பார்த்திருப்பேன்.

உள்ளூர் டிஸ்க்கில் இயங்கும் கோப்பு முறைமைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அதே தொகுப்பின் ஜெனரிக் 441ஆம் சோதனை, டிவைஸ் மேப்பர் என்ற கர்னல் வசதி வழியாக டிஸ்க்கையே பிழை கக்க வைத்து, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், தரவை டிஸ்க்கில் உறுதியாக எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு அந்தப் பிழையைச் சொல்கிறதா என்று பார்க்கிறது. இது எவ்வளவு முக்கியம் என்பது 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் எஃப்சிங்க் பிழைகள் காணாமல் போவதைக் கண்டு அதிர்ந்தபோது எல்லோருக்கும் விளங்கியது. என்எஃப்எஸ்ஸில் இதே சோதனையை ஓட்டினால் 'நாட் ரன்' (ஓட்டப்படவில்லை) என்ற வரிதான் வருகிறது. பிழை கக்க வைக்கக் கிளையன்டின் கையில் டிஸ்க் இல்லையே! டிஸ்க் இல்லாத இடத்தில் கெடுக்க வேண்டியது நெட்வொர்க்கை; அதற்கான வழி தொகுப்பில் இல்லை.

சர்வர் மறுதொடக்கம் இதைவிட நுட்பமானது. 1995இல் வெளியான என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பிலிருந்து, தரவை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்ல சர்வருக்கு உரிமை உண்டு. பதிலோடு எட்டு பைட் அடையாளம் ஒன்றையும் அது தரும். பிறகு தரவை டிஸ்க்கில் நிலைப்படுத்தச் சொல்லி கிளையன்ட் கமிட் கேட்கும்போது அந்த அடையாளம் மாறியிருந்தால், சர்வர் இடையில் விழுந்து எழுந்திருக்கிறது என்று பொருள். கிளையன்ட் எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும். இந்த ஒப்பந்தம் ஓரிடத்தில் பிசகினாலும் தரவு சத்தமில்லாமல் போய்விடும். பைஎன்எஃப்எஸ் என்ற இன்னொரு சோதனைத் தொகுப்பில் மறுதொடக்கச் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் அது சர்வரைத்தான் கேள்வி கேட்கிறது. கர்னல் கிளையன்டின் நினைவகத்தில் காத்திருக்கும் தரவுப் பக்கங்களின் கதி அதில் தெரியாது.

நான்காம் பதிப்பில் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும், பழைய கிளையன்ட்கள் தங்கள் பூட்டுகளை மீட்டுக்கொள்வதற்கான 90 வினாடி கிரேஸ் காலம் காத்திருக்க வேண்டுமே என்பீர்கள். அதைக் குறைக்கும் அமைப்பை நீங்களே கர்னலில் வைத்திருக்கிறீர்கள். சர்வர் எப்படிப்பட்ட இயந்திரம் என்று தொகுப்புக்குத் தெரியாது என்பது நியாயமான தடை. அதற்கு, நிறுத்தவும் தொடங்கவும் வேண்டிய கட்டளைகளைச் சோதனையை ஓட்டுபவரே அமைப்புக் கோப்பில் எழுதட்டும். எழுதாதவர்களுக்கு 'நாட் ரன்' வந்துவிட்டுப் போகட்டும்.

நான்கு நாள் வேலையில் மிஞ்சிய என் ஸ்கிரிப்ட்களை இரண்டு சோதனைகளாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்: ஒன்று சாஃப்ட் மவுன்ட்டுக்கு, இன்னொன்று கமிட்டுக்கு முன் விழும் சர்வருக்கு. இந்த மாதக் கடைசியில் பேட்ச்சாக அனுப்புகிறேன். தயவுதாட்சண்யம் பாராமல் பரிசீலியுங்கள்.

அன்புடன்,
சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு நிர்வாகி